ஏழாம் துளைக்கு மேலே

எழுத்து பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்க ஆள் இல்லாததால் யாருடைய பெயரும் மிஞ்சவில்லை. இங்கே வரும் பெயர்களை நான்தான் வைத்தேன். வாயில் நுழையாவிட்டால் நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

பின்னாளில் சீன தேசம் என்று அழைக்கப்பட்ட நிலத்தில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு இரண்டு கரை, கரைக்கு ஓர் ஊர். இரண்டு ஊர்க்காரர்களும் நெல் விதைத்தார்கள், மீன் பிடித்தார்கள், நாரையின் சிறகெலும்பைத் துளைத்துக் குழல் செய்து ஊதினார்கள். இவ்வளவு பொதுவாக இருந்தால் சண்டையும் இருக்கத்தானே செய்யும்.

அந்த மழைக்காலத்தில் நடு ஆற்றில் ஒரு தகராறு. மீன் பிடிக்கும் பறிக்கூடை யாருடையது என்று வாய்ச்சண்டையில் தொடங்கியது. இக்கரை ஜியான் துடுப்பை ஓங்கினான். ஒரே அடிதான். அக்கரை யூலோ படகிலிருந்து சரிந்து, பாறையில் தலை மோதி இறந்துபோனான்.

ஜியான் ஓடவில்லை. பிணத்தைத் தூக்கித் தன் படகில் கிடத்தி அக்கரைக்கே கொண்டுபோனான். அங்கே அவனைப் பிடித்துக் கட்டி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட சாவுக்கு இரண்டு ஊருக்கும் ஒரே வழக்கம் இருந்தது. வடக்கிலிருந்து நாரைகள் வந்து இறங்கும் நாளில் நடு ஆற்று மணல் திட்டில் எல்லோரும் கூட வேண்டும். இறந்தவனின் ரத்த உறவு தன் குழலில் ஓர் ஓசை எழுப்பும். கொன்றவனின் ரத்த உறவு தன் கையாலேயே துளைத்த குழலில் அதே ஓசையை எழுப்ப வேண்டும். இரண்டும் ஒன்றானால் கொன்றவன் வீட்டுக்குப் போகலாம். ஒன்றாகாவிட்டால் இறந்தவனைப் புதைத்த இடத்திலேயே அவனையும் இறக்கி மண்ணைத் தள்ளுவார்கள். ஒன்றா இல்லையா என்று சொல்லும் உரிமை இறந்தவனின் உறவுக்கு மட்டும்தான்.

ஜியானுக்கு ரத்த உறவென்று மிஞ்சியிருந்தது அவன் அப்பா ஹான்போ ஒருவர்தான்.

ஹான்போ முரசு செய்கிறவர். முதலைத் தோலை இழுத்துக் கட்டி அவர் செய்த முரசை அடித்தால் இரண்டு கரை நாய்களும் எழுந்து நிற்கும். தோலில் கத்தி பட்ட கீறல் ஒன்று தெரிந்தாலும் அந்த முரசை உடைத்து அடுப்பில் போட்டுவிடுவார். ஒட்டுப் போட்ட முரசு அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. குழலை மட்டும் அவர் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை.

இக்கரையில் குழலுக்குப் பேர்போன பெரியவர் போன குளிர்காலத்தில் இறந்திருந்தார். குழல் யாருடையதோ அவரோடு அதுவும் குழிக்குள் போக வேண்டும், அதுவும் அங்கே வழக்கம். பெரியவர் விட்டுப்போனது இரண்டுதான். ஒன்று, துளைக்காமல் வைத்திருந்த ஒரே ஒரு சிறகெலும்பு. இன்னொன்று, அவரிடம் கற்றுக்கொண்ட சூயின்.

ஹான்போ வந்தபோது சூயின் சுட்ட தாமரைக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஹான்போவின் வயதில் பாதிக்கு மேல் கொஞ்சம் இருக்கும்.

“என் மகன் உயிர் உங்கள் கையில் இருக்கிறது, குருவே.”

“என் கையில் கிழங்குதான் இருக்கிறது. உட்காருங்கள் அண்ணா, சாப்பிடுங்கள்.”

“சாப்பிட வரவில்லை. கற்றுக்கொள்ள வந்தேன்.”

சூயின் கிழங்கைக் கீழே வைத்தாள்.

“அப்படியானால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலைக்கு உட்கார்ந்தால் உன்னை நீ என்றுதான் சொல்வேன். எழுந்த பிறகு அண்ணா. சம்மதமா?”

“நாயே என்றுகூடச் சொல்லுங்கள்.”

“அது நாய்க்குப் பிடிக்காது,” என்றாள் சூயின்.

எலும்பை அவள் உடனே கொடுத்துவிடவில்லை. நாணலை நறுக்கி, துளையிட்டு, அதைக் கொடுத்தாள். அவள் தன் எலும்புக் குழலை ஊதுவாள். ஹான்போ நாணலில் அந்த ஓசையைப் பிடிக்க வேண்டும். முரசு அடித்துப் பழகிய மனிதர் ஊதினால் காற்றுதான் வந்தது. பிறகு எச்சில் வந்தது. ஒரு வழியாக ஓசையும் வந்தது.

வந்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

“குருவே, நேற்று இதே துளைக்கு வேறு ஓசை ஊதினீர்கள்.”

“ஆமாம்.”

“முந்தா நாளும் வேறு.”

“ஆமாம்.”

“எது சரி?”

“இப்போது நான் ஊதியது.”

“நாளைக்கு?”

“நாளைக்கு வந்து கேள்.”

ஹான்போவுக்கு எரிச்சலாக இருந்தது. உதட்டைக் கொஞ்சம் சாய்த்தால் ஓசை ஏறுகிறது, நிமிர்த்தினால் இறங்குகிறது, இவள் தினம் ஒரு மாதிரி சாய்க்கிறாள். நிலையாக ஓர் ஓசை ஊதத் தெரியாதவளிடம் போய் மகனின் உயிரை ஒப்படைத்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பயந்தார். பயந்தாலும் மறுநாள் காலையில் வந்து நின்றார். வேறு எங்கே போவார்?

மழை ஓய்ந்தது. வயலில் கதிர் சாயத் தொடங்கியபோது சூயின் எலும்பை எடுத்துக் கொடுத்தாள். கூடவே கூர்ந்த கல் முனை கட்டிய துளைக்கோல், ஒரு சட்டி ஈர மணல்.

“ஒரு துளை போடு. ஊது. கேள். பிறகு அடுத்த துளைக்கு இடம் குறி.”

“எல்லாவற்றையும் ஒன்றாகக் குறித்துவிட்டால் என்ன?”

“ஒரு துளை போடு. ஊது. கேள்,” என்றாள் மறுபடியும்.

முதல் துளைக்கே பாதி நாள் போயிற்று. இரு உள்ளங்கைக்கும் நடுவே கோலை வைத்து உருட்ட வேண்டும். அழுத்தினால் எலும்பு விரிசல் விடும், அழுத்தாவிட்டால் கோல் வழுக்கும். துளை விழுந்ததும் ஊத வேண்டும், கேட்க வேண்டும், நகத்தால் தடவி யோசிக்க வேண்டும். ஹான்போ வானத்தைப் பார்த்தார். நாரைகள் இன்று வரலாம், நாளைக்கு வரலாம். இந்த வேகத்தில் போனால் மகனைப் புதைத்த பிறகுதான் ஏழாம் துளை விழும் என்று தோன்றியது.

மறுநாள் சூயின் நாணல் வெட்டப் போயிருந்தாள். அவளுடைய குழல் பாயின் மேல் கிடந்தது.

முரசுக்காரர்கள் எதையும் நூலால்தான் அளப்பார்கள். ஒரு முரசுக்கு அளந்து முடிச்சுப் போட்ட நூல் அடுத்த முரசுக்கும் ஆகும். ஹான்போவின் இடுப்பில் எப்போதும் ஒரு நூல் இருக்கும். அதை எடுத்துச் சூயினின் குழல்மீது நீட்டிப் பிடித்தார். துளைக்கு ஒரு முடிச்சு. பிறகு நூலைத் தன் எலும்பின்மீது வைத்து, முடிச்சு விழுந்த இடமெல்லாம் கல்லால் கீறினார். அவர் போட்டிருந்த முதல் துளையும் முடிச்சும் ஒரே இடத்தில் இருந்தன. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார். ஊதிக் கேட்க நிற்காமல் அன்று நாள் முழுக்க உருட்டினார். உள்ளங்கை கொப்பளித்தது. எல்லாத் துளையும் போட்டு முடித்துவிட்டு, மணலை ஊதித் தள்ளிவிட்டு, குழலை வாயில் வைத்தார்.

ஆறாம் துளைவரை ஏறக்குறையச் சரியாக வந்தது. ஏழாம் துளை தாழ்ந்து நின்றது. உதட்டைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மூச்சைக் கூட்டினார். ஏறவே இல்லை.

சூயின் நாணல் கட்டோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்று கேட்டாள்.

“யார் அளந்தது?”

“நான்தான். உங்கள் குழலை வைத்தே அளந்தேன். மயிரிழை பிசகவில்லை.”

“அது வேறு நாரை,” என்றாள் சூயின்.

ஹான்போ எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவருடைய எலும்பு ஒரு சுற்றுப் பருமன், உள்ளே குழிவும் அதிகம். எழுந்து அடுப்பை நோக்கிப் போனார். கெட்டுப்போனதை அடுப்பில் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

“போடு,” என்றாள் சூயின். “என்னிடம் வேறு எலும்பு இல்லை. நாரை வந்த பிறகு எலும்பு தேட நேரமும் இல்லை. போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முரசு செய்.”

ஹான்போ அடுப்பின் முன்னால் நின்றார். கை நீட்டியபடியே இருந்தது. சூடு தாங்காமல் ஒரு கட்டத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

“இந்தத் துளையை மூடிவிட்டு வேறு துளை போட முடியாதா?”

“பிசினால் அடைக்கலாம். ஊதிக்கொண்டிருக்கும்போது கழன்று விழும்.”

“அப்படியானால் போட்டது போட்டதுதானா?”

“போட்டதுதான்.”

ஹான்போவுக்கு மகனின் துடுப்பு ஞாபகம் வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதார். சூயின் ஆறுதல் சொல்லவில்லை. நாணல் கட்டை அவிழ்த்து, காய்ந்ததைத் தனியாகவும் பச்சையைத் தனியாகவும் பிரித்து வைத்தாள். அழுகை அடங்கியதும் குழலை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரே ஒரு முறை ஊதிக் கேட்டாள். கல் முனையை எடுத்து ஏழாம் துளைக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்தாள்.

“இங்கே. தினையளவு.”

“பக்கத்திலேயே இன்னொரு ஓட்டையா? பார்க்கச் சகிக்காதே.”

“சகிக்காதுதான்.”

“நடுவில் இருக்கிற எலும்பு விரிசல் விட்டால்?”

“விட்டால் போயிற்று.”

“நீங்கள் போடுங்கள், குருவே. என் கை நடுங்குகிறது.”

“வழக்கம் தெரியாதா? கொன்றவனின் ரத்தம்தான் துளைக்க வேண்டும். உன் கைதான். நடுங்கினால் நடுங்கட்டும்.”

மெல்லிய முள் போன்ற கல்லைக் கோலில் கட்டிக்கொண்டு ஹான்போ உருட்டினார். கொப்பளம் உடைந்து உள்ளங்கை ஈரமானது. சூயின் எதிரே உட்கார்ந்து, எலும்பின் மறுமுனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஒரு தடவை எலும்பு சின்னதாக முனகியது. ஹான்போ நிறுத்தினார். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி உருட்டினார். துளை விழுந்தது, எலும்பு பிழைத்தது.

ஊதிப் பார்த்தார்கள். ஏழாம் ஓசை சூயினின் குழலோடு ஒட்டி நின்றது.

ஹான்போவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம். சின்னத் துளையில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. இரண்டு துளையையும் மூடியது ஒரே விரல். பெரிய துளையைத் திறக்கும்போது அந்த விரல் சின்னத் துளையின்மேல் பாதி கிடந்தால் ஓசை வழுக்கி இறங்கியது. அது அவருக்கு அருவருப்பாக இருந்தது. விரலை ஒரே எடுப்பில் முழுக்கத் தூக்கப் பழகினார். காலையிலிருந்து மாலைவரை அதே ஓசையை ஊதினார். ஊதி ஊதி, அது அவருடைய முரசைப்போல எப்போது எழுப்பினாலும் ஒரே மாதிரி வந்தது.

ஒரு நாள் சூயின் வழக்கம்போலக் கொஞ்சம் இறக்கி ஊதினாள். ஹான்போ தன் ஓசையையே ஊதினார்.

“வா,” என்றாள் சூயின்.

“நான் சரியான இடத்தில்தான் இருக்கிறேன், குருவே. நீங்கள்தான் விலகிவிட்டீர்கள்.”

சூயின் குழலை இறக்கி அவரைப் பார்த்தாள். எதற்கும் அசராத அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் வெளியே யாரோ ஓடினார்கள். பிறகு பலர் ஓடினார்கள். வடக்கே மேகத்துக்குக் கீழே நாரைகளின் குரல் கேட்டது.

அன்று நடுப்பகலுக்கு முன்பே திட்டு நிரம்பிவிட்டது. இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை. நடுவே இரண்டு மரக்கால் நட்டு, குறுக்குக் கழியில் ஒரு கற்பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கரையில் வயதில் மூத்த கிழவர் ஒருவர், கூழாங்கல் போட்ட ஆமையோடுகள் இடுப்பில் கலகலக்க, அதன் பக்கத்தில் நின்றார். அவர் கல்லை ஒரு முறை தட்டினால் அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. மறுபடி தட்டும்வரை கைக்குழந்தைக்குக்கூட வாயில் விரல் வைத்துவிடுவார்கள்.

ஜியானைக் கொண்டுவந்தார்கள். மெலிந்திருந்தான். கை பின்னால் கட்டியிருந்தது. அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு அப்பாவின் கையில் இருந்த குழலைப் பார்த்தான். சிறுவயதில் பயந்தால் செய்வதுபோலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். 

“குருவே, கடைசியாக ஏதாவது சொல்லுங்கள்.”

“இதுவரை நான் சொன்னதில் எது ஞாபகம் இருக்கிறது?”

“விரலை முழுக்கத் தூக்க வேண்டும்.”

“அதை நான் சொல்லவில்லை. நீயாகச் சொல்லிக்கொண்டது.”

கிழவர் கல்லைத் தட்டினார். அதற்கு மேல் சூயினும் பேச முடியாது.

யூலோவின் அக்கா மிங்வா முன்னால் வந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் இடுப்பிலிருந்து குழலை எடுத்தபோது இக்கரைக் கூட்டத்தில் பலருக்கு மூச்சு நின்றது. குழல் உடைந்திருந்தது. இரண்டு இடத்தில் முறிந்து, முறிவின் இரு பக்கமும் ஊசித் துளை போட்டு, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தம்பியைப் படகிலிருந்து இறக்கிய அன்று அவளே அதைப் பாறையில் அடித்து உடைத்திருக்கிறாள். பிறகு அவளே உட்கார்ந்து கட்டியிருக்கிறாள்.

அதை அவள் ஊதினாள்.

அந்த ஓசை எந்தக் குழலின் ஓசையும் இல்லை. கட்டு வழியாகக் காற்றுக் கசிந்து, ஏழாம் ஓசைக்கும் ஆறாம் ஓசைக்கும் நடுவே எங்கோ தங்கியது. தங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆடிக்கொண்டே இருந்தது.

ஹான்போ குழலை எடுத்து, விரலை முழுக்கத் தூக்கி, தான் பழகிய ஓசையை ஊதினார். சுத்தமான ஓசை. சூயினின் குழலோடு வைத்தால் அப்படியே பொருந்தும். மிங்வாவின் ஓசைக்குப் பக்கத்தில் அது தனியாக நின்றது. திட்டில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. பேசக்கூடாது என்பதால் யாரும் பேசவில்லை, ஆனால் தலைகள் ஆடின. ஜியானின் கயிற்றைப் பிடித்திருந்தவன் அதைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

ஹான்போ மறுபடி ஊதினார், இன்னும் பலமாக. பலமாக ஊதியதில் இன்னும் தள்ளிப் போயிற்று.

வழக்கப்படி, மிங்வா குழலை வாயிலிருந்து எடுக்கும்வரைதான் அவருக்கு நேரம். அவள் ஒரு மூச்சு முடித்து அடுத்த மூச்சு இழுத்தாள். இன்னும் எவ்வளவு நேரம் ஊதுவாள் என்று யாருக்கும் தெரியாது. ஊத வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

ஹான்போ திரும்பிச் சூயினைப் பார்த்தார். கண்ணாலாவது ஒரு வழி காட்டுவாள் என்று நினைத்தார். சூயின் அவரைப் பார்க்கவே இல்லை. மணலில் உட்கார்ந்து, தன் குழலைத் தோல் உறைக்குள் போட்டு, உறையின் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி மிங்வாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹான்போவும் அந்தப் பக்கம் திரும்பினார்.

இத்தனை நாளில், இத்தனை நேரத்தில், அவர் அந்தப் பெண்ணை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. மகனைப் பார்த்திருந்தார், குழலைப் பார்த்திருந்தார், வானத்தைப் பார்த்திருந்தார். இப்போது பார்த்தார். ஒடுங்கிய கன்னம். நூல் கட்டை அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரல் வெளுத்திருந்தது. கட்டு அவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டே ஊத வேண்டியிருந்தது அவளுக்கு. கண் யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய கையும் நடுங்கியது.

ஹான்போ மூச்சைப் பாதியாகக் குறைத்து ஊதினார். தூக்கிய விரலை மெதுவாகச் சின்னத் துளையின்மேல் சாய்த்தார். ஓசை வழுக்கியது. எந்த வழுக்கல் வரக்கூடாது என்று பாடுபட்டாரோ அதே வழுக்கல். விரலை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தாண்டிப் போய்விட்டது. திரும்ப எடுத்தார். மிங்வாவின் ஓசை ஆடியது, இவருடையதும் ஆடியது. இரண்டும் உரசின. எரிச்சலூட்டும் ஓர் அதிர்வு எழுந்து காதைத் துளைத்தது. பிறகு அந்த அதிர்வு மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

மிங்வா நிமிர்ந்தாள்.

உடனே உதட்டைச் சாய்த்து ஓசையை மாற்றினாள். வேண்டுமென்றேதான் செய்தாள், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஹான்போவின் விரல் சின்னத் துளையின்மேல் ஊர்ந்து அங்கேயும் போனது. அவள் இறக்கினாள். அவரும் இறங்கினார். அவள் ஏற்றினாள், ஏற்றி நடுவில் சட்டென்று முறித்தாள். அவர் தடுமாறி, தேடி, வந்து சேர்ந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. எது சரி என்று அவர் இப்போது யாரையும் கேட்கவில்லை.

மிங்வா குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

கிழவர் கல்லைத் தட்டினார். கல்லோசை அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“சொல்லம்மா. ஒன்றாக இருந்ததா?”

மிங்வா கட்டின் நூலை இழுத்து இறுக்கினாள்.

“இல்லை,” என்றாள்.

ஜியான் கண்ணை மூடிக்கொண்டான். ஹான்போ அப்படியே நின்றார். 

“ஒன்றாக இல்லை. நான் போன இடமெல்லாம் இவர் பின்னாலேயே வந்தார்,” என்றாள் மிங்வா. குரல் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டாள். “மறுபடி கல்லைத் தட்டுங்கள், தாத்தா. இவர் முதலில் ஊதட்டும். நான் போய்ப் பார்க்கிறேன்.”

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. கிழவர் கொஞ்சம் யோசித்தார். கூடாது என்று சொல்லவும் வழக்கம் எதுவும் இல்லை. கல்லைத் தட்டினார்.

ஹான்போ ஊதினார். என்ன ஓசை ஊதினார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மிங்வா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு உடைந்த குழலை வாயில் வைத்து அந்த ஓசைக்கு வந்தாள். ஒரு மூச்சு நேரம் திட்டில் ஒரே ஒரு குழல்தான் ஊதுவதுபோல இருந்தது. கிழவர் கல்லைத் தட்டினார்.

“இப்போது ஒன்று,” என்றாள் மிங்வா. “அவிழ்த்துவிடுங்கள்.”

கயிற்றை அவிழ்த்தார்கள். ஜியான் அவள் காலில் விழப்போனான். அவள் பின்வாங்கினாள்.

“தொடாதே. நடவுக்கு வா. வருகிற நடவுக்கும், அதற்கு அடுத்ததற்கும். என் தம்பி நட்ட வயல் சும்மா கிடக்கக் கூடாது.”

“வருகிறேன்,” என்றான் ஜியான்.

அவள் குழலை இடுப்பில் செருகிக்கொண்டு தன் படகை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஜியான் துடுப்பைத் தொடவில்லை. ஹான்போதான் துடுப்பு வலித்தார். மகன் முன்னால் உட்கார்ந்து, கயிறு அறுத்த மணிக்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான். சூயின் பின்னால் உட்கார்ந்து, காலையில் மடியில் கட்டிவந்த தாமரைக் கிழங்கை ஒருவழியாகத் தின்று முடித்தாள். தலைக்கு மேலே நாரைகள் சதுப்பை நோக்கி இறங்கின.

நடு ஆறு தாண்டியதும் ஹான்போ துடுப்பை நிறுத்தினார். இடுப்பிலிருந்த குழலை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைக்கும்போது விரல் ஏழாம் துளைக்கு மேலே இடறியது.

“குருவே.”

“சொல்லுங்கள்.”

“வீட்டில் நல்ல பிசின் இருக்கிறது. வேலைதான் முடிந்துவிட்டதே. இந்தச் சின்ன ஓட்டையை அடைத்து, மெருகு போட்டுவிடட்டுமா? நாளைக்கு என்னோடு குழிக்குள் வரப்போகிற பொருள். முரசுக்கார ஹான்போ செய்ததா இது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.”

சூயின் ஆற்றில் கையைக் கழுவினாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஜியானின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உங்கள் மகன் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தான், அண்ணா.”